மெழுகு பட்டால்தான் பாத்திக்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், சிங்கப்பூரில் அலமாரிக்குள் கிடந்த பாத்திக் சட்டைகளெல்லாம் வெளியே வந்துவிடும். சமூக மன்ற விருந்து, தொகுதியின் தேசிய தினக் கொண்டாட்டம், அடித்தளத் தலைவர்கள் வரிசையாக நிற்கும் படம் என்று எங்கே பார்த்தாலும் பூவும் இலையுமாகப் பாத்திக்தான். அதற்கு முந்தைய மாதம், ஜூலை 21 இன நல்லிணக்க நாளன்று, நம் வீட்டுப் பிள்ளை சரோங்கும் கெபாயா மேற்சட்டையும் சேர்ந்த சரோங் கெபாயாவிலும் பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை பாவாடை சட்டையிலும் பள்ளிக்குப் போவது யாருக்கும் வியப்பில்லை. இப்படி ஊரே உடுத்தும் இந்தத் துணியில் பெரும்பகுதி பாத்திக்கே இல்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் விஷயம் அதுதான். பாத்திக் கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்த துணி அது.

பாத்திக் என்று சொல்லிக்கொள்ள ஒரு துணிக்கு ஒரே தகுதிதான் வேண்டும். சாயம் ஏறக்கூடாத இடத்தை உருகிய மெழுகால் மூடி, சாயம் ஏற்றி, கடைசியில் அந்த மெழுகை எடுத்திருக்க வேண்டும். கோலம் எதுவாகவும் இருக்கலாம். பூ, மீன், மேகம், கப்பல், ஏன், பிள்ளையார்கூட இருக்கலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போதுதான் சங்கதி தெரியும். ஜாவாவில் பழைய முறைப்படி செய்கிறவர்கள் துணியைத் தயார் செய்வதற்கே நாள்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆலைக் கஞ்சி போக அலசுவது, சிவப்புச் சாயம் நன்றாகப் பிடிக்க எண்ணெயும் சாம்பல் காரமும் கலந்து திரும்பத் திரும்ப ஊறவைத்து உலர்த்துவது, லேசாகக் கஞ்சி போட்டு மரச் சுத்தியால் தட்டி வழவழப்பாக்குவது என்று எல்லாம் முடிந்த பிறகுதான் மெழுகே அடுப்பில் ஏறும். அதுவும் வெறும் தேன்மெழுகு இல்லை. தேன்மெழுகு, பாரஃபின், பைன் மரப் பிசின், நம் குங்கிலியம் மாதிரியான டாமர் பிசின் ஆகியவற்றை ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த அளவில் கலந்துகொள்ளும்.

வரையும் கருவிக்குச் சாந்திங் என்று பெயர். மரக் கைப்பிடி, நுனியில் கட்டைவிரல் அளவு செப்புக் கிண்ணம், அதிலிருந்து நீளும் மெல்லிய மூக்கு. கிண்ணத்தில் மெழுகை மொண்டு, மூக்கு வழியே துணியில் கோடு இழுக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உட்கார்ந்துவிடும்; சாயம் அடியில் புகுந்துகொள்ளும். சூடு கூடினால் கோடு பரவிப் பட்டையாகிவிடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் கண்ணாலேயே பதம் சொல்வதைப் போல, பழகிய பெண்கள் மெழுகு ஓடுகிற ஓட்டத்தை வைத்தே அடுப்பைக் கூட்டிக் குறைப்பார்கள். உயர்ந்த ரகத் துணி என்றால் முன்பக்கம் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் வரைவார்கள்.

சாயத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 60 டிகிரியை ஒட்டி மெழுகு உருகத் தொடங்கிவிடுவதால் கொதிக்கும் சாயத்தில் முக்க முடியாது. குளிர்ந்த தொட்டியிலேயே நிறம் ஏறும் அவுரி நீலம் இந்த வேலைக்கு வாகாக அமைந்தது இதனால்தான். நடு ஜாவாவின் பழைய துணிகளில் முதலில் நீலம் தோய்ப்பார்கள். பிறகு பழுப்பாக வேண்டிய இடத்தில் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீலமாகவே இருக்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, சோகா என்ற மரப்பட்டைப் பழுப்பில் தோய்ப்பார்கள். நீலத்தின் மேல் பழுப்பு ஏறிய இடம் கறுப்பாகத் தெரியும். ஆக இரண்டே சாயத்தில் நான்கு நிறம். இவ்வளவும் முடிந்து கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுக்கும்போதுதான் வரைந்தவருக்கே முழுக் கோலமும் தெரியும். சாந்திங்கால் முழுக்கக் கையால் வரைந்தது பாத்திக் துலிஸ். நுணுக்கமான ஒரு துணிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செப்புத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சு வந்தது. அதை மெழுகில் தொட்டுத் துணியில் ஒற்றினால் போதும். இதற்குச் சாப் என்று பெயர். அதுவரை பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த தொழிலில் ஆண்கள் நுழைந்தது இந்த அச்சைத் தூக்கிக்கொண்டுதான். மாதங்கள் நாள்களாகச் சுருங்கின, விலையும் இறங்கியது. சாப் பாத்திக்கும் மெழுகு பட்ட துணிதான், அதனால் அதில் போலி எதுவும் இல்லை.

இங்கே நம் கடற்கரை உள்ளே வருகிறது. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளிலும் மெழுகு உண்டு. 1742-ல் பிரெஞ்சுப் பாதிரியார் கெர்து நம் பக்கத்துச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து எழுதிய கடிதத்தில் அந்த முறை விவரமாக இருக்கிறது. கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய துணியில் படிகாரத்தால் எழுதி, சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பு ஏற்றுவார்கள். நீலம் வேண்டும் என்றால் மட்டும், நீலம் படக்கூடாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்று நெய்த கோடாலிக்கருப்பூர்ச் சேலையிலும் சரிகை இழைத்த துணியின் மேல் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் வேலை இருந்தது. அரசு போனதும் அந்தச் சேலையும் போய்விட்டது.

இதை வைத்துக்கொண்டு ‘பாத்திக்கே தமிழன் கண்டுபிடிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு நான் ஆள் இல்லை. மெழுகால் சாயத்தைத் தடுக்கும் வித்தை எகிப்தில் இருந்தது, சீனத்தின் குய்சோ மலைகளில் இருக்கிறது, ஜப்பானின் நாரா கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டுத் துணியாகவே பாதுகாக்கப்படுகிறது. சாந்திங் என்ற அந்தச் செப்பு மூக்கு ஜாவாவுக்கே உரியது. அவ்வளவு மெல்லிய கோட்டை நம் கலம்காரிப் பேனா மெழுகில் இழுத்ததில்லை.

ஆனால் சந்தைக் கதை வேறு. தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வந்தவர்கள் காசைவிடத் துணியைக் கொடுத்துத்தான் அதிகம் வாங்கினார்கள். அந்தத் துணி குஜராத்திலிருந்தும் மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற நம் கரைத் துறைகளிலிருந்தும் போனது. மலாய்க்காரர் வீட்டில் இன்றும் கட்டுகிற கட்டம் போட்ட கைன் பெலிகாட் பழவேற்காட்டின் மிச்சம். சரோங்கின் நடுப் பட்டையில் எதிரெதிராகப் பல் பல்லாக நிற்கும் மூங்கில் குருத்து முக்கோணங்களைப் பாருங்கள். நம் கரையிலிருந்து போன ஏற்றுமதித் துணிகளின் ஓரத்திலும் அதே முக்கோணங்கள் வரிசை கட்டி நிற்கும். யார் யாரைப் பார்த்துப் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்வது வீண் வேலை. வாங்குகிறவனின் ருசிக்கு ஏற்ப நெய்து அனுப்புவதுதானே வியாபாரம்?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியத் துணியின் வரத்து குறைந்தது, விலை ஏறியது. அந்த இடைவெளியில்தான் ஜாவாவின் வடகரைப் பட்டறைகள் தலையெடுத்தன. ஐரோப்பிய ஆலைகளிலிருந்து வழவழப்பான வெள்ளைப் பருத்தித் துணி மலிவாக வந்து இறங்கியது இன்னொரு வசதி. முரட்டுத் துணியில் மெல்லிய கோடு நிற்காது. ஆலைத் துணியில் நின்றது. நம் கைத்தறியை நசுக்கிய அதே ஆலைத் துணிதான் பாத்திக்கின் நுணுக்கத்துக்கு ஏணியாக இருந்தது.

பெக்காலோங்கான், லாசெம், சிரெபோன் ஆகிய அந்த வடகரை ஊர்களின் சரக்குக்கு 1819-க்குப் பிறகு சிங்கப்பூர் கிடைத்தது. வரியில்லாத் துறைமுகம். ஜாவாவிலிருந்து வந்து இறங்கும் சரோங் கட்டுகள் இங்கே பிரிந்து மலாயா, சுமத்ரா என்று நாலா பக்கமும் போயின. கம்போங் கிளாமில், அராப் ஸ்திரீட்டில், ஏமனின் ஹத்ரமௌத்திலிருந்து வந்த அரபுக் குடும்பங்கள் பாத்திக் கடை வைத்தன. பக்கத்துக் கடைகளில் நம் தமிழ் முஸ்லிம்களும் துணி வியாபாரம் செய்தார்கள். நாகூர், கீழக்கரைப் பக்கத்திலிருந்து கடல் கடந்து பிழைக்க வந்த சபுராளிகள் ஊர் திரும்பும்போது பெட்டிக்குள் நாலு பாத்திக் கைலியாவது இருக்கும். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன சாயத் துணிக்கு எதிர்த்திசையில் வந்த பதில் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் பாத்திக்கைச் சொந்த உடையாகவே கொண்ட ஒரு கூட்டமும் உண்டு. மலாக்கா செட்டிகள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். சிவனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்களின் மரபான உடை சரோங் கெபாயா. இவர்களில் பலர் சிங்கப்பூருக்கு வந்து கம்போங் கப்போர் வட்டாரத்தில் குடியிருந்தார்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018-ல் இவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. திருநீறும் பாத்திக்கும் ஒரே ஆள் மீது இருப்பதைப் பார்த்து முகம் சுருக்குகிற தமிழர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்கலாம்.

இவ்வளவு விற்ற ஊர், இவ்வளவு உடுத்திய ஊர். ஆனால் பெக்காலோங்கான் மாதிரிச் செய்கிற ஊராகச் சிங்கப்பூர் ஆகவில்லை. காரணத்தைக் கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு துலிஸ் சரோங்குக்கு மாதக்கணக்கில் கைவேலை, அலசத் தண்ணீர், உலர்த்த இடம். இந்த மூன்றுமே இந்தத் தீவில் விலை கூடியவை. ஆனால் அதே மெழுகு வேலை சட்டத்துக்குள் ஏறி, மூலையில் கையெழுத்தோடு சுவரில் தொங்கினால் கணக்கே வேறு. சரோங்குக்குத் துணி விலை, ஓவியத்துக்கு ஓவியர் விலை. பாத்திக் ஓவியம் இங்கே வேர்விட்டதற்கு அழகியல் காரணங்கள் ஆயிரம் சொல்வார்கள். எனக்கு இந்தக் கூலிக் கணக்குதான் முதலில் தெரிகிறது.

தொடங்கி வைத்தவர் பினாங்குக்காரர். சுவா தியன் தெங், 1912-ல் சீனாவில் பிறந்தவர். பாத்திக் பட்டறை வைத்து நடத்திப் பார்த்து, அது கைகொடுக்காமல் போன பிறகு, 1950-களில் அதே மெழுகையும் சாயத்தையும் ஓவியத்துக்குத் திருப்பினார். தாயும் பிள்ளையும், மீனவர், சந்தைக்காரி என்று மலாயா மக்களை வரைந்தார். அப்போதைய ஓவியர்களுக்கு ஒரு தவிப்பு இருந்தது. எண்ணெய் வண்ணம் மேற்குடையது, மை ஓவியம் சீனத்துடையது. இந்த மண்ணுக்கென்று என்ன இருக்கிறது? பாத்திக் கையருகே இருந்தது.

சிங்கப்பூரில் அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் சியா கிம் ஜூ. மலேசியக் கிழக்குக் கரையில் பாத்திக் பட்டறைகள் நிறைந்த திரெங்கானுவில் வளர்ந்து, நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் சிங்கப்பூர் அரங்குக்குப் பாத்திக் சுவரோவியம் செய்து கொடுத்தார். மலாயா வாழ்க்கையைக் காட்டும் அவருடைய 1968-ஆம் ஆண்டுப் பாத்திக் படைப்பு நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஜாஃபர் லத்தீஃப் வேறு பாதையில் போனார். உருவங்களை விட்டுவிட்டு, வெறும் கோடும் நிறமும் வேகமுமாக அரூப பாத்திக் செய்தார். சர்காசி சைத் 1940-ல் பிறந்து, யாரிடமும் முறையாகப் படிக்காமல் தானே கற்றவர். ஆர்க்கிட் பூக்களை அவர் வரைந்த விதத்துக்காகவே தேடி வாங்கினார்கள். 2003-ல் 100 மீட்டருக்கும் நீளமான பாத்திக் ஓவியம் செய்து கின்னஸில் ஏறினார்; 2020-ல் கலாசாரப் பதக்கம் பெற்றார்; மறு ஆண்டு காலமானார்.

ஓவியமாக மாறும்போது பாத்திக்கின் சில விதிகள் தலைகீழாகின. மிக நல்ல உதாரணம் வெடிப்பு. பாரஃபின் கூடினால் மெழுகு காய்ந்து நொறுங்கும், அந்தக் கீறல் வழியே சாயம் புகுந்து வலை மாதிரி மெல்லிய கோடுகள் விழும். தேன்மெழுகு கூடினால் வளைந்து கொடுக்கும், வெடிக்காது. நேர்த்தியான ஜாவாத் துணியில் அந்த வெடிப்புக் கோடு குறை. மெழுகு சரியில்லை, கை சரியில்லை என்று அர்த்தம். ஓவியர்களோ வேண்டுமென்றே துணியைக் கசக்கி வெடிக்க வைக்கிறார்கள். நமக்குப் பாத்திக் என்றதும் அந்த வலைக்கோடுதான் நினைவுக்கு வருகிறது என்றால், நாம் சரோங்கைவிட ஓவியத்தைப் பார்த்துத்தான் பாத்திக்கைப் பழகியிருக்கிறோம்.

வரிசையும் கறாரானது. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. எண்ணெய் ஓவியத்தில் பிடிக்காத இடத்தின் மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிடலாம். இங்கே தவறி விழுந்த ஒரு சொட்டு மெழுகைக்கூட முழுதாக எடுக்க முடியாது. அந்தப் புள்ளியை ஒரு இலையாகவோ குருவியாகவோ மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது சமூக மன்றங்களிலும் பட்டறை வகுப்புகளிலும் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் கிளந்தான், திரெங்கானு வழியில் வந்த முறை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மெழுகால் வெளிக்கோடு போட்டு, உள்ளே தூரிகையால் சாயம் தொட்டு வைப்பார்கள். சாயம் துணியில் ஓடிப்போய் மெழுகுக் கோட்டில் முட்டி நிற்பதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் ஒரு போதைதான். சாயம் பிடிக்கச் சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசிக் காயவிட்டு அலசுவார்கள். தொட்டியில் முக்குகிற வேலை இல்லாததால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பல வகுப்புகளில் மெழுகுக் கோட்டையும் முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சூடான மெழுகு, சின்னப் பிள்ளைகள் என்று பார்த்தால் நியாயம்தான். ஆனால் அதில் மிஞ்சுவது வண்ணம் தீட்டும் புத்தகம். சாந்திங்கைக் கையில் தராத வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு கிளை இருக்கிறது. 1927-ல் சிங்கப்பூர் வழியாக ஜாவா போன தாகூரின் பயணத்துக்குப் பிறகு பாத்திக் சாந்திநிகேதனில் பாடமாகியது. சென்னைக்கு வெளியே 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் அடுப்பெரிக்கச் செய்த கைவேலைகளில் பாத்திக் முக்கியமானது. ஓவியம் விற்காத மாதத்திலும் பாத்திக் விற்றது.

சரி, கடைக்கு வருவோம். அராப் ஸ்திரீட்டிலோ கேலாங் சிராயிலோ துணியைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். மெழுகு பட்ட துணியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம். அடுத்து, ஒரே பூவை இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். கையால் வரைந்ததில் எந்த இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்காது. சாப் என்றால் பூ ஒன்றுபோல் இருக்கும், ஆனால் அச்சும் அச்சும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை விலகல் தெரியும். இயந்திர அச்சில் அதுவும் இராது. வெடிப்புக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள், அதையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். புதுத் துணியில் லேசான மெழுகு வாடை இருந்தால் நல்ல அறிகுறி.

அச்சுத் துணியை நான் தாழ்த்திப் பேசவில்லை. ஐம்பது பேருக்கு ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்ற தொண்டூழியர் குழுவுக்குச் சில பத்து வெள்ளியில் கிடைக்கும் அச்சுத் துணிதான் சரி. வியர்த்து நனைந்தால் இயந்திரத்தில் போடலாம். அதைக் கைவேலை என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. யுனெஸ்கோ 2009-ல் இந்தோனேசிய பாத்திக்கையும், 2024-ல் சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளின் கெபாயாவையும் பட்டியலில் சேர்த்த பிறகு, ‘மரபு’ என்ற பெயருக்கே ஒரு விலை வந்துவிட்டது. கைவேலையிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. பெக்காலோங்கானில் சாயக் கழிவு கலந்து ஆறுகள் நிறம் மாறி ஓடுகின்றன. சாந்திங் பிடிக்கும் பெண்களின் கூலி இன்றும் சொற்பம்.

நல்ல துணியைப் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டும் என்றால் பெரனாக்கன் அரும்பொருளகமும் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகமும் இருக்கின்றன. பின்னதில் 2022-ல் துறைமுக நகரங்களின் பாத்திக் உடைகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது.

துலிஸ் வாங்கிவிட்டீர்கள் என்றால் துவைக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். சலவைத் தூள் கூடாது, இயந்திரம் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் காயப்போடக் கூடாது. ஜாவாக்காரர்கள் லெராக் என்ற காயை ஊறவைத்து நுரைத்த நீரில் அலசுவார்கள். அது நம் பூந்திக்கொட்டையின் உறவுதான். கொட்டையை நீக்கி, தோலை இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டிய நீரில் மெதுவாக அலசி, நிழலில் விரித்துப் போட்டால் போதும்.